ஏழு பேர்ச், ஏழு நாள்

எங்கள் கங்காணி செத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. இருந்தவரைக்கும் அவர் ஒரு நாள்கூட ஏமாறவில்லை. இது நான் சொல்வதல்ல, அவரே சொன்னது. தேத்தண்ணி குடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, "என்னைய எவனும் ஏமாத்த முடியாது" என்று தொடையில் தட்டிச் சொல்வார். அந்தச் சத்தத்தில் சாவு வீட்டில் கண்ணயர்ந்திருந்தவர்கள் எழுந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு மறுபடி படுப்பார்கள்.

தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். மலையில் எங்கள் பின்னால் நின்று கத்துவதும், சாயங்காலம் மடுவத்தில் நின்று எடை சொல்வதும் அவர் வேலை. மடுவம் என்றால் நாலு தூண், ஒரு தகரக் கூரை, நடுவில் கொழுந்து நிறுக்கும் தராசு. சாக்கைக் கொக்கியில் மாட்டுவோம். முள் ஆடி நிற்கும் முன்னே அவர் வாய் ஆடிவிடும்.

"பதினெட்டு. தண்ணிக்கு ரெண்டு கழி. பதினாறு."

மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும், கழிக்கட்டும். வெயில் நாளிலும் கழிப்பார்.

"மழை பேஞ்சு மாசமாச்சேண்ணே, எங்க இருக்கு தண்ணி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பனி பேயுதுல்ல."

"காலைல பேஞ்ச பனி சாயங்காலம் வரைக்குமா இருக்கு?"

"ஒன் வேர்வை இருக்குல்ல புள்ள. வேர்வைக்கெல்லாமா தோட்டத்துல காசு குடுப்பாங்க?"

"அப்ப நீங்க கத்தும்போது தெறிக்கிற எச்சிலையும் கழிச்சிருங்கண்ணே. அதுவும் எங்க சாக்குலதான் விழுது."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எனக்கு மட்டும் மூன்று கிலோ கழித்தார்.

கழிக்கும் பழக்கம் மடுவத்தோடு நிற்கவில்லை. கொழும்பில் இருக்கும் தன் மகனுக்கு நல்ல சம்பளம் என்று யாராவது சொன்னால், "தண்ணி கழிச்சுச் சொல்லு" என்பார். பக்கத்து லயத்துக்குப் புது மருமகள் வந்திருக்கிறாள், நல்ல சிவப்பு என்றால், "தண்ணி பட்டா தெரியும்" என்பார். தேர்தலுக்கு வந்தவர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாகனத்தில் ஏறியதும், "தண்ணி கழிச்சா சாக்குதான் மிஞ்சுது" என்றார். அன்றைக்கு மட்டும் அவர் சொன்னது சரி.

பதுளை பஸாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை. அங்கேதான் உருளைக்கிழங்கு வாங்குவார். வெலிமடைக் கிழங்கு மண்ணோடு வரும். ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் தட்டி, வாயால் ஊதி, அதற்குப் பிறகுதான் தராசுத் தட்டில் வைப்பார். ஒரு கிலோ வாங்க அரை மணி நேரம். பின்னால் நிற்கிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

"கங்காணியார், எனக்கும் மண்ணோடதானே நிறுத்துத் தந்தாங்க" என்பார் நானா.

"அது ஒங்க தலையெழுத்து நானா. நான் கிழங்குக்குத்தான் காசு குடுப்பேன், வெலிமடைக் காணிக்குக் குடுக்க மாட்டேன்."

அவர் பெண்டாட்டி எனக்கு மதினி முறை. என் பக்கத்து நிரையில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். அவள் வாய் பேசாது, கை பேசும். ஒரே ஒரு தடவை என் காதில் சொன்னாள்: "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு என்னையும் தட்டி, ஊதிப் பாத்துட்டுத்தான் ஒத்துக்கிட்டாரு."

கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அவள் வாழ்ந்தது லயம் என்கிற வரிசை வீட்டில், ஒற்றைக் காம்பிராவில். முன்னால் படுக்க, பின்னால் சமைக்க. புகை போக வழியில்லாமல் அவள் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். ஏதோ நினைத்து அழுகிறாள் என்று புதிதாக வருகிறவர்கள் பரிதாபப்படுவார்கள். அவள் அழவில்லை, சோறு ஆக்குகிறாள். அவள் வாழ்நாளில் கேட்டது ஒன்றே ஒன்று: சமைக்கத் தனியாக ஒரு குசினி, அதற்கு ஒரு ஜன்னல்.

கங்காணி வேலையிலிருந்து நின்ற வருஷம் அவள் கேட்டது கிடைக்கிற மாதிரி இருந்தது. லயத்துக்குக் கீழே அவர்களுக்கு ஏழு பேர்ச் காணி அளந்து கொடுத்தார்கள். இ.பி.எஃப். காசும் கைக்கு வந்தது. மதினி அன்றைக்கே காணிக்குப் போய், குசினி வரவேண்டிய மூலையில் மூன்று கல்லை அடுக்கி, பால் பொங்க வைத்தாள். எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள்.

"இங்கதான் புள்ள ஜன்னல். இங்க நின்னு பாத்தா தண்டவாளத்துல கோச்சி போறது தெரியும்" என்று காற்றில் ஒரு சதுரம் போட்டுக் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் இல்லாவிட்டாலும் கோச்சி போனது.

அந்த மாதத்தில்தான் கங்காணிக்கு ஒரு போன் வந்தது. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் பகல் சாப்பாடு, ஜோடியாக வந்தால் ஒரு பிளாஸ்க்கும் உண்டு என்று ஒரு பெண் தேன் மாதிரி பேசினாளாம்.

"ஏமாத்து வேலைண்ணே" என்றேன்.

"தெரியாமலா போறேன்? சோத்தைத் தின்னுட்டு, பிளாஸ்க்கை வாங்கிட்டு, வேட்டியைத் தட்டிட்டு வந்துருவேன். அவனுகளுக்கு நான் காட்டுறேன்."

காலையில் போனவர்கள் பொழுது சாயத்தான் வந்தார்கள். கங்காணி கையில் சிவப்புப் பிளாஸ்க். கக்கத்தில் ஒரு பைல். மதினி முகத்தில் ஒன்றுமில்லை.

நடந்ததை மறுநாள் தண்ணி பிடிக்கும் பீலியடியில் வைத்துச் சொன்னாள். கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் மூன்று மணி நேரம் பேசினானாம். முதல் வார்த்தையே "வாங்க சேர்" தானாம். கங்காணியை அதுவரைக்கும் யாரும் சேர் என்று கூப்பிட்டதில்லை. அண்ணே, மாமா, கங்காணி. நாங்கள் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டதை இங்கே எழுத முடியாது. சேர் என்றதும் முதுகெலும்பு நிமிர்ந்துவிட்டதாம். அதற்குப் பிறகு அவர் குனியவே இல்லை, கையெழுத்துப் போடுகிற நேரம் தவிர.

வாங்கியது இதுதான்: காலி ஊருக்குப் பக்கம் கடலோரமாக ஒரு ஹோட்டல். அதில் ஒரு அறை. வருஷத்தில் ஏழு நாள் அந்த அறை கங்காணிக்குச் சொந்தம். மிச்ச நாளெல்லாம் மற்றவர்களுக்குச் சொந்தம். இப்படி இருபத்தைந்து வருஷம். இ.பி.எஃப். காசில் பாதிக்கு மேல் போய்விட்டது.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள், அதிலும் பாதி நாள் மழை. ஆனாலும் கேட்டேன்.

"அண்ணே, ஏழு நாளைக்கா அவ்வளவு காசு?"

"நீ இன்னைக்குக் கணக்கைப் பாக்குற. நீண்ட காலத்துக்குப் பாரு. அந்த மாதிரி ஓட்டல்ல ஒரு நாள் தங்க எவ்வளவு கேப்பான்? அதை ஏழாலப் பெருக்கு. அதை இருபத்தஞ்சாலப் பெருக்கு. இப்பச் சொல்லு, லாபம் எனக்கா, அவனுக்கா?"

"நம்ம எந்தக் காலத்துலண்ணே ஓட்டல்ல தங்கினோம்?"

"தங்கல. ஆனா தங்கியிருந்தா அவ்வளவு ஆயிருக்கும்ல!"

போகாத ஓட்டலுக்குக் கொடுக்காத காசையெல்லாம் மிச்சம் பிடித்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஒங்களுக்கு இப்பவே அறுபது தாண்டிருச்சு. கடைசி ஏழு நாளைக்கு யாரு ஒங்களைத் தூக்கிட்டுப் போறது?"

"புள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். பைல்ல இருக்கு."

பிறகு குரலைத் தாழ்த்தி, அன்றைக்கு அவர் ஜெயித்த கதையைச் சொன்னார். அந்தப் பையன் முதலில் டிசம்பர் வாரத்தைக் காட்டினானாம். விலை ஆகக் கூடுதல். ஜூலை வாரம் அதில் பாதி.

"டிசம்பர்ல மழை ஊத்தும். மண்ணு சரியும். ரோட்டை மூடுவான். அதைப் போயி கூடின விலைக்கு என் தலையில கட்டப் பாக்குறான்! ஜூலைன்னா சும்மா பளிச்சுன்னு வெயிலு. அது பாதி விலை. நான் ஒடனே ஜூலையைக் குடுன்னுட்டேன். பய முகத்தைப் பாக்கணுமே. ஒன்னும் பேசல. என்னத்தப் பேசுவான்?"

எனக்கும் சரியாகத்தான் பட்டது. எங்கள் பக்கம் மார்கழியில் பதினைந்து நாள் சூரியனைப் பார்க்க முடியாது. ஜூலையில் மலை காய்ந்து, புல் கருகி, காற்று கூரைத் தகரத்தைத் தூக்கப் பார்க்கும். எங்களுக்குத் தெரிந்த வானம் அது ஒன்றுதான். கடலுக்கு மேலே வேறு வானம் இருக்கும் என்று யார் நினைத்தது?

முதல் ஜூலையில் என்னையும் கூட்டிப் போனார்கள். நாலு பேர் தங்கலாம் என்று பைலில் இருந்தது. நாங்கள் மூன்று பேர். நாலாவது இடம் வீணாகிறதே என்று கங்காணிக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் நாலாவது ஆளாக ஒரு மூட்டையைக் கட்டினார்: கிழங்கு, லீக்ஸ், அரிசி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. தெமோதரையில் கோச்சி ஏறி, கொழும்பில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். மூட்டைக்கும் பஸ்ஸில் ஒரு டிக்கெட் போட்டார்கள்.

கடலை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். பார்த்தேன் என்பது பெரிய வார்த்தை. மழைக்குள் ஏதோ ஒன்று கறுப்பாக எழும்பி விழுந்து உறுமிக்கொண்டிருந்தது. கரையில் சிவப்புக் கொடி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காவல்காரர் விசில் ஊதி, "எறங்க வேணாம், எறங்க வேணாம், இழுத்துட்டுப் போயிரும்" என்று எங்களைத் துரத்தினார். அறைக்குள் அடுப்பு மூட்டக் கூடாது என்று மண்ணெண்ணெய் அடுப்பை வாசலிலேயே பறித்துக்கொண்டார்கள். ஏழு நாளும் பாண் ரொட்டியும் வாழைப்பழமும்தான். கிழங்கு ஒரு கட்டிலில் படுத்திருந்தது.

மூன்றாம் நாள், துவாய் மாற்ற வந்த வேலைக்காரப் பெண்ணிடம் மதினி கேட்டாள்: "மழை எப்பம்மா விடும்?"

"இங்க ஜூலைன்னா இப்படித்தான் அம்மா. டிசம்பர்ல வந்து பாருங்க. கடல் கண்ணாடி மாதிரி கெடக்கும், ரூமே கெடைக்காது."

மதினி திரும்பிக் கங்காணியைப் பார்த்தாள். அவர் பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றார். மழை அவர் மேல் அடித்தது.

"காத்து வாங்கத்தானே வந்தோம்? காத்து வருதுல்ல!" என்றார், எங்களைப் பார்க்காமல்.

வீட்டுக்குப் போன் போட்டோம். எங்கள் தோட்டத்தில் நல்ல வெயிலாம்.

புறப்படும் நாள் வாசலில் ஒரு தாளை நீட்டினார்கள். பராமரிப்புக் கட்டணம். அந்த வருஷத்துக்கு. கங்காணி அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"அதான் முழுக் காசும் கட்டிட்டேனே. இது எதுக்கு?"

"இது வருஷா வருஷம் சேர். கூரை, பெயின்ட், நீச்சல் தடாகம்..."

"நாங்க தண்ணியில காலே வைக்கலயே?"

"வைக்காட்டியும் கட்டணும் சேர். வராட்டியும் கட்டணும்."

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "தண்ணிக்குக் கழிக்கிறாங்கண்ணே" என்றேன்.

கோச்சி அப்புத்தளை வரும்வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. கீழே பெரகல ரோடு வெயிலில் மின்னுவதைப் பார்த்ததும், "இந்த வெயிலு அங்க இருந்திருந்தா எப்புடி இருந்திருக்கும்!" என்றார். சூரியன்தான் ஏமாற்றிவிட்டது போல.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் கட்டணம் கூடிக்கொண்டே போனது. அவருக்கு முட்டி வலித்த வருஷம் போகவில்லை; கட்டினார். நாட்டில் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருஷம் ஒருவரும் எங்கும் போகவில்லை, அப்போதும் கட்டினார். டிசம்பருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். மாற்றலாம் சேர், அதற்கு ஒரு கட்டணம் என்றார்கள். ஏழு பேர்ச்சில் அத்திவாரம் போட்டு, முழங்கால் உயரத்துக்குச் சுவர் வந்ததோடு நின்றுவிட்டது. மதினியின் குசினிக்குள் ஆடு மேய்ந்தது. சாயங்காலத்தில் அவள் போய் அந்த மூன்று கல்லில் ஒன்றில் உட்கார்ந்திருப்பாள். கோச்சி போகும். எழுந்து வருவாள்.

அந்த வாரத்தை விற்கவும் பார்த்தார். விற்கிறேன் என்று சொல்லவில்லை. "நல்ல மனுசனுக்கு விட்டுக் குடுக்கலாம்னு பாக்குறேன்" என்றார். பதுளைக்குப் போய் நானாவிடம் பைலை விரித்தார். நான் கிழங்கு பொறுக்குகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். நானா கண்ணாடி போட்டு ஒவ்வொரு தாளாக எடுத்து, விரலால் தட்டி, வாயால் ஊதி, ஒரு பக்கமாக வைத்தார். கடைசித் தாள் வரைக்கும் வைத்துவிட்டுச் சொன்னார்:

"கங்காணியார், மண்ணைத் தட்டிப் பாத்தேன். கிழங்கைக் காணல்லயே."

கங்காணி பைலை மடித்துக் கக்கத்தில் வைத்தார். அன்றைக்குக் கிழங்கை மண்ணோடேயே வாங்கினார். அவர் முகத்தைப் பார்த்து நான் சிரிக்காமல் வந்த நாள் அது ஒன்றுதான்.

அவர் சாவதற்கு முந்தின வருஷம் ஜூனில் கடைசிக் கடிதம் வந்தது. மாதம் முடிவதற்குள் கட்டாவிட்டால் வாரம் ரத்து, கட்டிய காசு திரும்பாது. அதே மாதம் மதினிக்குச் சீட்டு விழுந்திருந்தது. கேட்காமல் கொள்ளாமல் சீமெந்துக் கல் இறக்கி, தன் தங்கை மகனைப் பிடித்து, பத்து நாளில் சுவரைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டாள். ஜன்னலுக்கு இடமும் விட்டாள். கூரைக்குத் தகரம் இல்லை. மழைக்கு முன்னால் தகரம் போடாவிட்டால் அந்தச் சுவர் நிற்காது. தகரத்துக்கு ஆகும் காசும், கட்டணத்துக்கு ஆகும் காசும் ஏறக்குறைய ஒன்று. கங்காணியிடம் இருந்தது ஒன்றுக்குத்தான்.

மதினி ஒன்றே ஒன்று சொன்னாள். என் முன்னால்தான் சொன்னாள்.

"நீங்க கடலுக்குப் போங்க. இந்த ஜூலைல அந்த ஏழு நாளும் நான் என் ஏழு பேர்ச்சுல இருக்கேன். கூரை இல்லாட்டிப் பரவாயில்ல. நம்ம பக்கம் ஜூலைல மழை இல்லல்ல?"

அவரை நேருக்கு நேர் அவள் கேலி செய்து நான் கேட்டது அது முதல் தடவை. முப்பது வருஷம் என் பக்கத்தில் நின்று பறித்ததில் ஏதோ ஒட்டியிருக்கிறது.

மறுநாள் காலையில் கங்காணி வேட்டி கட்டி, பைலைக் கக்கத்தில் வைத்து, காசை மடியில் செருகிக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறினார். கட்டணம் கட்டுகிற பேங்கும் பதுளையில்தான், தகரக் கடையும் பதுளையில்தான். எங்கே போகிறீர்கள் என்று மதினி கேட்கவில்லை. நான் கேட்டேன். "வேலையிருக்கு" என்றார். பகல் முழுக்க மதினி கல்லில் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஒன்று வந்தது, அவர் இல்லை. இன்னொன்று வந்தது, இல்லை. பேங்க் மூடியிருக்கும்.

நாலு மணிக்கு மேலே ஒரு லொறி திருப்பத்தில் வந்தது. பின்னால் தகரம். தகரத்தின் மேலே, காற்றில் பறக்காமல் இருக்க, கங்காணி உட்கார்ந்திருந்தார்.

இறங்கியதும் தொடையில் தட்டினார். "என்னைய ஏமாத்தலாம்னு பாத்தானுக. கட்டவே இல்ல! பேங்க் வாசல் வரைக்கும் போயி, உள்ள ஏறாமத் திரும்பி வந்துட்டேன். இனி அவன் ஜூலையை அவனே வச்சுக்கிட்டு நனையட்டும். எப்புடி?"

மதினி தகரத்தைத் தடவிப் பார்த்தாள். "ஏமாத்திட்டீங்க, போங்க" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை.

ஜூலை வந்தது. அந்த ஏழு நாளில் ஒரு நாள் குசினியைப் பார்க்கப் போனேன். புகை ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியே வெயில், காய்ந்த காற்று. மதினி தண்ணி எடுக்கப் போயிருந்தாள். கங்காணி ஜன்னல் பக்கம் பலகையில் உட்கார்ந்து அந்தச் சிவப்புப் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார். அவ்வளவு காசுக்கும் அவர் கையில் மிஞ்சியது அது ஒன்றுதான். குறை சொல்லக் கூடாது, காலையில் ஊற்றியது பின்னேரம் வரைக்கும் சுடும்.

எனக்கு ஒரு கோப்பை எடுத்து வைத்தார். வெளியே பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னார்:

"அந்த டை கட்டின பய இருக்கானே புள்ள, அவன் என்னைய விட நல்லா நிறுக்குறான்."

இவ்வளவு காலம் இதற்காகத்தான் காத்திருந்தேன். வாயில் பத்துப் பதில் இருந்தது. கோப்பையைத்தான் அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் தேத்தண்ணியை ஊற்றினார். கோப்பை நிறைந்தது. நிறுத்தவில்லை. வழிந்து சாசருக்கு வந்தது, சாசரும் நிறைந்து பலகைக்கு வந்தது.

"என்னண்ணே, வழியுது!"

"வழியட்டும். ஒங்கிட்டக் கழிச்ச தண்ணி. குடி."

"முப்பது வருசத் தண்ணி. ஒரு கோப்பைல தீத்துரலாம்னு பாக்குறீங்களா?"

"தீராது. அதான், தெனமும் வா."

தினமும் போனேன். ஒரு நாள்கூட விடவில்லை. பாதி தீருவதற்குள் அவர் போய்விட்டார். மிச்சத்துக்கு இப்போது மதினி ஊற்றுகிறாள், அதே பிளாஸ்க்கிலிருந்து, விளிம்பு வரைக்கும். ஒரு சொட்டுக் குறைந்தாலும் கோப்பையை நீட்டிக்கொண்டே இருப்பேன். என்னையா ஏமாற்ற முடியும்?